வாசகர் கேள்வி பதில்: ரிசேவும் நகரசபையும் அயலட்டைதான்

விடுதிப் பள்ளிக்கூடங்களில துன்பப்பட்ட பூர்வகுடிப் பிள்ளையளை நினைக்கிற செப்டம்பர் 30 ஒரேஞ்ச் சட்டை நாளைப் பற்றிப் போன இதழில ஒரு சின்னக் குறிப்புப் போட்டாலும் போட்டம், வந்த கேள்வியள் கொஞ்சநஞ்சமில்லை. அதில பாதி "இந்தப் பூர்வகுடி ஆக்களுக்கும் எங்கட சிட்டிக்கும் என்ன தொடர்பு" எண்ட ஒரே கேள்விதான், ஆனால் ஒவ்வொருத்தர் ஒவ்வொரு பக்கத்தால கேட்டிருக்கினம். அதால இந்த முறை இமிக்ரேஷன் கேள்வியள், மோட்கேஜ் கேள்வியள் எல்லாத்தையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட்டு இதை மட்டும் எடுப்பம்.

கேள்வி: அண்ணை, மகளின்ர பள்ளிக்கூடத்தில காலமையில "இது இன்னாரின்ர பாரம்பரிய நிலம்" எண்டு ஸ்பீக்கரில வாசிக்கினம், நகரசபைக் கூட்டத்திலயும் வாசிக்கினம். வாசிச்சாப்பிறகு என்ன நடக்குது? உண்மையில ஸ்காபரோ ஆரின்ர காணி? (ஒரு வாசகி, ஸ்காபரோ)

பதில்: காணிக் கதை எண்டால் எங்கட ஆக்கள் முதல் கேக்கிறது உறுதி எங்க எண்டுதானே, அதிலயே தொடங்குவம். 1787ல பிரிட்டிஷ்காரர் மிஸிஸாகா எண்ட பூர்வகுடி ஆக்களிட்ட இருந்து ரொறன்ரோவை வாங்கினதா ஒரு பத்திரம் இருக்கு, பத்திரம் எண்டு சொல்லுறது பெயருக்குத்தான், ஏன் எண்டால் எந்தக் காணி, எவ்வளவு காணி எண்டு எழுத வேண்டிய இடம் வெறுமையாக் கிடந்தது, தலைவர்மாரின்ர அடையாளக் குறியள் வேற துண்டில இருந்து ஒட்டிக் கிடந்தது. அதைச் சரிக்கட்ட 1805ல திரும்ப ஒண்டு எழுதினவை, 2,50,000 ஏக்கருக்கு மேல, விலை 10 ஷில்லிங். அந்தக் கணக்கு 2010லதான் தீர்ந்தது, கனடா அரசு மிஸிஸாகாஸ் ஒஃப் த கிரெடிட் ஃபர்ஸ்ட் நேஷனுக்கு (ஃபர்ஸ்ட் நேஷன் எண்டால் பூர்வகுடி சமூகம்) 145 மில்லியன் டொலர் குடுத்தது.

நீங்கள் கேட்ட ஸ்காபரோ பெரும்பாலும் அந்த 1805 எல்லைக்கு வெளியில. இந்தப் பக்கத்துக்கு 1923ல வில்லியம்ஸ் ட்ரீட்டி (ஒப்பந்தம்) எண்டு 7 ஃபர்ஸ்ட் நேஷன்களோட அவசரம் அவசரமா ஒண்டு எழுதி, காணியோட சேர்த்து வேட்டையாடுற, மீன்பிடிக்கிற உரிமையையும் பறிச்சுப்போட்டினம். அதுக்கு 2018ல கனடாவும் ஒன்ராறியோவும் சேர்ந்து 1.11 பில்லியன் டொலர் குடுத்து மன்னிப்பும் கேட்டது. ரூஜ் ஆற்றுப் பக்கத்தை நாங்கள் ஒருநாளும் விட்டுக்குடுக்கேல்லை எண்டு மிஸிஸாகாஸ் ஒஃப் த கிரெடிட் 2015ல வேறயா ஒரு கிளெய்ம் போட்டது.

இவ்வளவு கதையிலயும் நகரசபை எங்கயாவது வந்ததோ எண்டு பாருங்கோ. வரேல்லை. எல்லாம் ஒட்டாவாவும் குவீன்ஸ் பார்க்கும்தான், அதாவது கனடா அரசும் ஒன்ராறியோ அரசும். காணியில இருக்கிறது நாங்கள், தெரு போடுறது சிட்டி, வரி எடுக்கிறது சிட்டி, ஆனால் பத்திரம் எழுதினவை வேற ஆக்கள். அந்த இடைவெளியிலதான் மிச்சக் கேள்வியள் எல்லாம் நிக்குது. வாசிக்கிறதைப் பற்றி எண்டால், வாசிக்கட்டும், பிள்ளையளாவது பெயரைக் கேட்டு வளரட்டும், ஆனால் வாசிச்ச ஆக்களே அடுத்த அஜெண்டா ஐட்டத்தில அந்தப் பெயரை மறந்திடுறதை நானும் பாக்கிறனான்.

கேள்வி: பக்கத்து டவுனில தண்ணி, கழிவு பைப், ஃபயர் ட்ரக் எல்லாம் இருக்கு, ரோட்டைக் கடந்தால் ரிசேவ் (பூர்வகுடி ஆக்களுக்கெண்டு ஒதுக்கின காணி), அங்க ஒண்டும் இல்லை. குழாயை ஒரு கிலோமீட்டர் நீட்டினால் போச்சு. ஏன் செய்யினம் இல்லை? (பெயர் வேண்டாம் எண்டவர், மார்க்கம்)

பதில்: சட்டத்தில இவை ரெண்டு பேரும் வேற வேற வீட்டுப் பிள்ளையள். 1867 அரசியலமைப்பில பூர்வகுடி ஆக்களும் அவையின்ர ரிசேவ் காணியும் 91(24) பிரிவால ஒட்டாவாவுக்குப் போச்சு, நகரசபையள் 92(8)ஆல மாகாணத்துக்குப் போச்சு. பிறகு 1876ல இந்தியன் அக்ட் வந்து, ரிசேவ் காணியின்ர உரித்து அரசிட்ட, பாவிக்கிற உரிமை மட்டும் அந்த ஆக்களுக்கு எண்டு வைச்சது. இதால என்ன நடந்தது எண்டால், டவுன் மேயரும் பேண்ட் சீஃபும் (ஃபர்ஸ்ட் நேஷனின்ர தலைவர்) ஒரே ஐஸ் ஹொக்கி அரீனாவில பக்கத்துப் பக்கத்துக் கதிரையில இருந்து மட்ச் பாப்பினம், ஆனால் அலுவலா ஒருத்தரோட ஒருத்தர் கதைக்க வேணும் எண்டு ஒரு சட்டமும் சொல்லேல்லை, 100 வருசத்துக்கு மேல கதைக்காமலே இருந்தவை. டவுனுக்கு தன்ர எல்லைக்கு வெளியில குழாய் நீட்டக் காசு இல்லை, மாகாணம் "அது ஃபெடரல் அலுவல்" எண்டும், ஃபெடரல் "குழாய் டவுனின்ர" எண்டும்... மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

இப்ப இதுக்கு இருக்கிற வழி சேவை ஒப்பந்தம். டவுன் தண்ணி குடுக்கும், குப்பை எடுக்கும், நெருப்பு அணைக்க வரும், அதுக்கு ஃபர்ஸ்ட் நேஷன் காசு கட்டும், ரெண்டு அரசாங்கம் எழுதிற காகிதமா அது இருக்கும். உங்கட மார்க்கம் சிட்டியே 2017ல ஏபமெட்டூங் ஃபர்ஸ்ட் நேஷனோட ஒரு பங்காளி உடன்படிக்கை எழுதினது. அது தண்டர் பேக்கும் வடக்கால, விமானத்தில மட்டும் போகக்கூடிய இடம், கொதிக்க வைச்சுத்தான் தண்ணி குடிக்க வேணும் எண்டு 2001ல அறிவித்தல் போட்ட இடம். தூரத்து நட்புக்குக் குழாய் நீட்டேலாதுதான், கலாசாரம், பொருளாதாரம் எண்ட அளவில நிக்குது. இருந்தாலும் அடுத்த எலெக்ஷனுக்கு வோட்டுக் கேட்டு வாற கவுன்சிலரிட்ட அந்த உடன்படிக்கையில என்ன நடந்திருக்கு எண்டு ஒருக்கா கேட்டுப் பாருங்கோ, முகம் போற போக்கைப் பாக்கவாவது கேக்கலாம்.

கேள்வி: நான் வின்னிபெக்கில ட்ரக் ஓடுறனான். ஒன்ராறியோ போடருக்குக் கிட்ட ஃப்ரீடம் ரோட் எண்டு ஒரு போர்ட் கண்டன். அதென்ன பெயர்? (ஒரு வாசகர், வின்னிபெக்)

பதில்: தம்பி, உங்கட வீட்டுக் குழாயைத் திறந்தால் வாற தண்ணி அந்த ரோட் போய் முடியிற இடத்தில இருந்துதான் வருது. இது கொஞ்சம் நீளமான கதை.

1900களின்ர தொடக்கத்தில வின்னிபெக் வேகமா வளருது, நல்ல தண்ணி இல்லை. 150 கிலோமீட்டருக்கு மேல கிழக்கில ஷோல் லேக், தெளிஞ்ச தண்ணி, ஏரியின்ர மட்டம் நகரத்தை விட உயரம், பம்ப் தேவையில்லை, தன்பாட்டில ஓடி வரும். ஏரிக்கரையில அனிஷினாபே ஆக்களின்ர ஊர், இப்ப ஷோல் லேக் 40 ஃபர்ஸ்ட் நேஷன் எண்டு சொல்லுறது. அவையின்ர காணியில 3,000 ஏக்கரளவை இந்தியன் அலுவல் திணைக்களம் 1915ல நகரத்துக்கு வித்துப்போட்டுது, ஊராக்களைக் கேட்டெல்லாம் இல்லை. 1919ல நகரத்துக்குத் தண்ணி வந்திட்டுது.

இதில ஒரு விசயம் வடிவாக் கவனிக்க வேணும். ஏரிக்குள்ள பால்கன் ஆறு வந்து விழுற இடம் தேத்தண்ணி நிறத்தில சேற்றுத் தண்ணி, அது நகரத்தின்ர குழாய் வாய்க்குள்ள போகக்கூடாது எண்டு ஒரு அணை கட்டி, ஒரு கால்வாய் வெட்டி, அந்தத் தண்ணியை மற்றப் பக்கம் திருப்பி விட்டினம். மற்றப் பக்கம் எண்டால் ஊராக்கள் இருந்த பக்கம். அந்தக் கால்வாய் வெட்டினதால அவையின்ர குடாநாடு அறுந்து தீவாப் போச்சு. கோடையில ஃபெரி, மாரியில ஐஸுக்கு மேலால ரோட், ஐஸ் பிடிக்கிற, உருகிற காலங்களில ரெண்டும் இல்லை, ஐஸ் உடைஞ்சு விழுந்து செத்த ஆக்களும் இருக்கினம். ரோட் இல்லாததால தண்ணி சுத்திகரிக்கிற ஆலை கட்டச் சாமான் கொண்டுபோகச் செலவு கூட எண்டு ஆலை கட்டேல்லை, அதால 1997ல இருந்து கொதிக்க வைச்சுக் குடிக்கச் சொல்லி அறிவித்தல். அங்க இருந்து போற தண்ணியை வின்னிபெக்கில குழாயால பிடிச்சுக் குடிச்சவை, எடுத்த இடத்தில போத்தல் தண்ணி வாங்கிக் குடிச்சவை. 2014ல வின்னிபெக்கில மனித உரிமை மியூசியம் திறக்கேக்க உள்ளுக்க அழகுக்கு ஒரு தண்ணித் தடாகம் வைச்சவை, அதுவும் ஷோல் லேக் தண்ணிதான், ஊராக்கள் என்ன செய்தவை எண்டால் தங்கட ஊரையே கனேடிய மனித உரிமை மீறல் மியூசியம் எண்டு பெயர் வைச்சு ஆக்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவை. அந்த நக்கலுக்கு நான் ரசிகன்.

நகரசபை சும்மா இருந்தது எண்டு சொல்லேலாது. 1989ல நகரமும் மாகாணமும் இந்த ஃபர்ஸ்ட் நேஷனும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் எழுதினவை, 6 மில்லியன் டொலர் ட்ரஸ்ட், பதிலுக்கு ஏரியை அழுக்காக்கிற மாதிரி ஒரு தொழிலும் நீங்கள் செய்யக்கூடாது எண்டு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனால் நகரம் குடிக்கிற தண்ணி சுத்தமா இருக்க வேணும் எண்டுறதுக்காக மற்றவன் தன்ர ஊரில தொழில் வளர்க்கேலாமல் நிண்டதுதான் அதின்ர மறுபக்கம். கடைசியா ஒட்டாவா, மானிட்டோபா, வின்னிபெக் மூண்டும் காசு போட்டு, நீங்கள் கண்ட அந்த ஃப்ரீடம் ரோட், 24 கிலோமீட்டர், 2019 ஜூனில திறந்தது, தண்ணி வந்து சரியா 100 வருசம். ரோட் வந்தபடியால 2021 செப்டம்பரில தண்ணி ஆலையும் திறந்தது. ரோட் வந்து 2 வருசத்தில 24 வருசப் பிரச்சினை முடிஞ்சுது எண்டால், எது தடையா இருந்தது எண்டு நீங்களே பாருங்கோ.

கேள்வி: வணக்கம் அண்ணா, நான் மதுரைப் பக்கம், இங்க சஸ்காட்டூன்ல மாஸ்டர்ஸ் பண்றேன். யுனிவர்சிட்டி பக்கத்துல சதர்லேண்ட் ஏரியால ஒரு ஆபீஸ் பில்டிங்குக்கு பார்ட் டைம் வேலை விஷயமா போனேன், அது ரிசர்வ்னு சொன்னாங்க. ரிசர்வ்னா ஊருக்கு வெளியே காட்டுக்குள்ள இருக்கும்னுல்ல நினைச்சேன், சிட்டிக்கு நடுவுல எப்படி? சிட்டிக்கு இதுல நஷ்டம் இல்லையா? (ஒரு மாணவர், சஸ்காட்டூன்)

பதில்: தம்பி, நீங்கள் நிண்ட இடம் இந்த நாட்டிலயே பேர்போன இடம். மஸ்கெக் லேக் க்ரீ நேஷன் எண்டு, அவையின்ர ஊர் சஸ்காட்டூனுக்கு வடக்கால. ஒப்பந்தப்படி சேர வேண்டிய காணி அந்தக் காலத்தில முழுக்கக் குடுபடேல்லை, அந்தக் கடனுக்குப் பதிலா 1988ல நகரத்துக்குள்ள சும்மா கிடந்த 33 ஏக்கர் ஃபெடரல் காணியை ரிசேவ் ஆக்கிக் குடுத்தது. வியாபாரத்துக்கெண்டு நகரத்துக்குள்ள வந்த முதல் ரிசேவ் எண்டு அதைத்தான் சொல்லுறது.

நஷ்டம் எண்ட கேள்விதான் அப்ப நகரசபையிலயும் எல்லாரும் கேட்டது. ரிசேவ் ஆனால் சிட்டி ப்ரொப்பர்ட்டி டாக்ஸ் எடுக்கேலாது, ஸ்னோ வழிக்க வேணும், தண்ணி குடுக்க வேணும், பொலிஸ் போக வேணும், காசு எங்கால வரும்? 1993ல சேவை ஒப்பந்தம் ஒண்டு எழுதினவை: நகரசபை மற்ற எல்லாருக்கும் குடுக்கிற அதே சேவையைக் குடுக்கும், மஸ்கெக் லேக் அதுக்கு ஒரு ஃபீ கட்டும், அந்த ஃபீ அதே காணிக்குச் சிட்டி வரி எடுத்திருந்தால் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு. அங்க இருக்கிற கடையள், ஆபீஸ்களிட்ட இருந்து வரி எடுக்கிறது ஃபர்ஸ்ட் நேஷன், சிட்டிக்கு ஒரு செக்கா எழுதிக் குடுக்கிறதும் அதுதான். கட்டட விதி, சோனிங் (எந்தக் காணியில என்ன கட்டலாம் எண்ட விதி) எல்லாம் அவை தாங்களே சட்டமாப் போடுவினம், ஆனால் பக்கத்துத் தெருவோட ஒத்துப் போற மாதிரி. சண்டை வந்தால் எப்பிடித் தீர்க்கிறது எண்டும் அதிலயே எழுதியாச்சு. சிட்டிக்கு ஒரு சதம் நஷ்டமில்லை, சும்மா கிடந்த காணியில கட்டடம் வந்தது, உங்களை மாதிரிப் பிள்ளையளுக்கு வேலையும் வந்திருக்கு.

இதில எனக்குப் பிடிச்சது, ஒருத்தர் மற்றவரிட்ட வரி கேக்கேல்லை, சலுகையும் கேக்கேல்லை, விலை பேசியிருக்கினம். 1992ல சஸ்காச்சுவான் முழுக்கக் காணிக் கடன் தீர்க்கிற பெரிய உடன்படிக்கை எழுதேக்க, நகரத்துக்குள்ள ரிசேவ் வேணும் எண்டால் நகரசபையோட இதுகளை முதல் பேசித் தீர்க்க வேணும் எண்டு அதிலயே சேர்த்தாச்சு. வின்னிபெக்கில பழைய காப்யொங் ஆமி முகாம் காணி 2022ல 7 ஃபர்ஸ்ட் நேஷன்களின்ர ரிசேவா மாறினது, அங்கயும் சிட்டியோட சேவை ஒப்பந்தம் எழுதித்தான். வேலை கிடைச்சதோ எண்டு எழுதுங்கோ.

கேள்வி: இந்தப் பூர்வகுடி ஆக்கள் ஒருத்தரும் வரி கட்டுறேல்லையாமே? நாங்கள் ஏன் கட்ட வேணும்? (ஒரு வாசகர், பிரம்ப்டன்)

பதில்: தேத்தண்ணிக் கடைக் கதை ஐயா. இந்தியன் அக்ட் 87ம் பிரிவுப்படி ஸ்டேட்டஸ் உள்ள (அந்தச் சட்டத்தில பதிஞ்ச) ஆக்களின்ர ரிசேவில இருக்கிற சொத்துக்கும், ரிசேவில உழைக்கிற வருமானத்துக்கும்தான் விலக்கு. வெளியில இருந்து வெளியில வேலை செய்தால் உங்களை மாதிரித்தான் கட்டுறது. இன்யூட், மெட்டி எண்ட மற்றப் பூர்வகுடி ஆக்களுக்கு அந்த விலக்கே இல்லை. ரிசேவுக்குள்ள வரி எடுக்கிற அதிகாரம் 1988ல இருந்து ஃபர்ஸ்ட் நேஷன்களுக்கு இருக்கு, அங்க குத்தகைக்கு இருக்கிற வால்மார்ட்டோ வேற கடையோ வரி கட்டுறது அவையளுக்குத்தான். நீங்கள் ஏன் கட்ட வேணும் எண்டால், ஸ்னோ வழிக்க.

கேள்வி: ஒவ்வொரு சமரும் குடும்பமாச் சோபிள் பீச்சுக்குப் போறனாங்கள். 2025ல போனால் போர்ட்டில சோகீன் பீச் எண்டு கிடக்கு. பீச்சை எடுத்துப்போட்டினமோ, இனிப் போகலாமோ? (ஒரு வாசகி, ஏஜாக்ஸ்)

பதில்: போகலாம் தங்கச்சி, அடுப்பும் கோழியும் கொண்டுபோகலாமோ எண்டதை மட்டும் அங்கத்த விதியைப் பாத்திட்டுப் போங்கோ.

எடுத்தது எண்டு சொல்லாதேங்கோ, திரும்பக் கிடைச்சது. 1854ல சோகீன் எண்ட பூர்வகுடி ஆக்கள் தங்கட பெரும் நிலத்தை விட்டுக்குடுக்கேக்க, ஹ்யூரன் ஏரிக்கரையில இவ்வளவு மைல் எங்களுக்கு எண்டு ட்ரீட்டியில எழுதி வைச்சவை. அடுத்த வருசம் அளக்க வந்த சேர்வேயர் போட்ட கோடு அந்த இடத்துக்கு முன்னமே நிண்டிட்டுது, கடற்கரை மாதிரி இருக்கிற அந்த மணலில 2 கிலோமீட்டருக்கு மேல டவுன் பக்கம் போச்சு. எங்கட ஊரில கதியாலை இரவோட இரவா அரை முழம் தள்ளி நடுறவன் தோத்தான், இது அரசாங்கச் சங்கிலி பிடிச்சு அளந்து தள்ளினது.

1990ல கனடா அரசே ஃபர்ஸ்ட் நேஷனுக்காக வழக்குப் போட்டுது. 2014ல சவுத் ப்ரூஸ் பெனின்சுலா டவுனுக்கு ஒரு சந்தர்ப்பம் வந்தது, சமரசமாப் பேசி, பீச்சை ரெண்டு பேரும் சேர்ந்து நடத்திற மாதிரி ஒரு திட்டம் மேசைக்கு வந்தது, அப்ப இருந்த மேயரும் அதுக்கு ஆதரவு. ஊராக்கள் கொதிச்செழும்பினவை, அந்த வருச எலெக்ஷனில மேயரையும் வீட்டுக்கு அனுப்பினவை. பிறகு வழக்குத்தான். 2023 ஏப்ரலில ஒன்ராறியோ சுப்பீரியர் கோர்ட் அந்த மணல் சோகீனின்ர எண்டு தீர்ப்புச் சொல்லிச்சு, 2024 டிசம்பரில அப்பீலும் தோத்தது, 2025 சமரில போர்ட் மாறிச்சு. 2014ல கையெழுத்து வைச்சிருந்தால் டவுனுக்குப் பாதிப் பேச்சாவது மிஞ்சியிருக்கும். சேர்ந்து நடத்துவம் எண்ட கதையை வேண்டாம் எண்டிட்டு, லோயருக்கும் காசைக் குடுத்து, முழுக்கத் தோத்து நிக்கினம். அந்த மேயரைத் தோற்கடிச்ச ஆக்களிட்ட இப்ப ஆராவது மைக்கை நீட்டிக் கேட்டால் நான் பாக்கத் தயார்.

கேள்வி: வான்கூவரில சிட்டி பெர்மிட் இல்லாமல் 11 டவர் கட்டுறாங்கள் எண்டு சனம் சத்தம் போடுது, ரிச்மண்டில வீட்டுக்காரருக்கு உறுதி செல்லாது எண்டு தீர்ப்பாம். நாங்கள் பி.சி.யில (பிரிட்டிஷ் கொலம்பியாவில) வீடு வாங்கலாமோ விடலாமோ? (ஒரு வாசகர், சர்ரி)

பதில்: ரெண்டும் வேற வேற. டவர் கதை செனாக் எண்ட கட்டடத் திட்டம், வான்கூவரின்ர கிட்சிலானோவில ஸ்குவாமிஷ் நேஷனின்ர ரிசேவ் காணி, 10.5 ஏக்கர். 1913ல அங்க இருந்த குடும்பங்களைப் பார்ஜில ஏத்தி அனுப்பி வீடுகளைக் கொளுத்தின இடம், கனகாலம் கோர்ட் ஏறி ஒரு துண்டைத் திரும்ப எடுத்தவை. ரிசேவ் எண்டபடியால் சிட்டி சோனிங் செல்லாது, 6,000 வீடளவில வாடகைக்குக் கட்டினம். ஆனால் 2022ல வான்கூவர் சிட்டியோட சேவை ஒப்பந்தம் எழுதித்தான் தண்ணி, கழிவு, ரோட் எல்லாம். அயலில இருக்கிற ஆக்கள் ஒப்பந்தத்தைப் பூட்டின கதவுக்குப் பின்னால பேசினது பிழை எண்டு கோர்ட்டுக்குப் போய்த் தோத்தவை. வீடு இல்லை வீடு இல்லை எண்டு கத்திற நகரத்தில வீடு கட்டிறவனை மறிக்கிற நியாயம் எனக்கு விளங்கேல்லை, எண்டாலும் பூட்டின கதவு பற்றி அவை சொன்னதில ஒரு ஞாயம் இருக்கு.

ரிச்மண்ட் தீர்ப்பு 2025 ஓகஸ்டில பி.சி. சுப்ரீம் கோர்ட் கவிச்சன் எண்ட பூர்வகுடி ஆக்களுக்குச் சார்பாச் சொன்னது. அவை வழக்குப் போட்டது அரசாங்கங்களுக்கும் சிட்டிக்கும் எதிரா, தனி வீட்டுக்காரருக்கு எதிரா இல்லை, செல்லாது எண்டு சொன்னதும் அரசும் சிட்டியும் வைச்சிருந்த உறுதியளை. அப்பீல் போயிருக்கு. அங்க பெரும்பாலான நிலத்துக்கு ட்ரீட்டியே எழுதேல்லை, எங்கட ஒன்ராறியோ மாதிரி இல்லை. வாங்கிறதெண்டால் ரியல் எஸ்டேட் அண்ணையின்ர வாயை நம்பாமல் ஒரு லோயரிட்டக் காட்டிட்டு வாங்குங்கோ.

கேள்வி: நான் வட ஒன்ராறியோவில ஒரு சின்ன டவுனில ஃபார்மசி வைச்சிருக்கிறன், போன தேர்தலில கவுன்சிலராயும் வந்திட்டன். 10 நிமிச ஓட்டத்தில ஒரு ஃபர்ஸ்ட் நேஷன், கடைக்கு வாற பாதிப் பேர் அங்கத்த ஆக்கள், ஆனால் எங்கட கவுன்சிலும் அவையின்ர கவுன்சிலும் ஒருநாளும் சந்திச்சதில்லை. நான் தொடங்கலாம் எண்டு யோசிக்கிறன், எப்பிடி? (ஒரு கவுன்சிலர், வட ஒன்ராறியோ)

பதில்: அக்கா, இந்த மாதம் வந்த கடிதங்களில இதைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசிச்சனான்.

முதல் ஒரு உதாரணம். பிரிட்டிஷ் கொலம்பியாவில பவல் ரிவர் எண்டு ஒரு மில் டவுன். 2002ல நகரசபை கடற்கரையோரமா நடைபாதை போடத் தோண்டிச்சு, பக்கத்தில ட்லாமின் எண்ட பூர்வகுடி ஆக்களிட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை, தோண்டின இடத்தில அவையின்ர முன்னோரின்ர சிப்பி மேடுகளும் கல்லில செதுக்கின உருவங்களும் சேதமாப் போச்சு. பெரிய கோவம். அதில இருந்து ரெண்டு பக்கமும் கோர்ட்டுக்குப் போகாமல் ஒரே மேசைக்கு வந்து 2003ல ஒரு சமூக உடன்படிக்கை எழுதினவை: நாங்கள் ரெண்டு அரசாங்கம், ஒழுங்காச் சந்திப்பம், இப்பிடி ஒண்டு வந்தால் இப்பிடித் தீர்ப்பம் எண்டு. அதில இருந்து பிறகு மில் காணியளைச் சேர்ந்து வாங்கிற கம்பெனி வரைக்கும் போனது. பிறகும் சண்டை இல்லை எண்டில்லை, 2021ல டவுனின்ர பெயரையே மாத்தச் சொல்லி ட்லாமின் கேட்டு ஊர் ரெண்டுபட்டு நிக்குது, ஆனால் சண்டை பிடிக்கிறதுக்கும் ஒரு மேசை இருக்கு.

செய்யிற விதம். ஒரு அலுவலோட முதல் முறை போகாதேங்கோ. குப்பை மேட்டுக்கு இடம் வேணும், எங்கட க்ராண்டுக்கு உங்கட கடிதம் வேணும் எண்டு போனால் கதை அதோட முடிஞ்சுது. உங்கட மேயர் அவையின்ர சீஃபுக்கு எழுதட்டும், க்ளார்க் எழுதக்கூடாது, தலைவருக்குத் தலைவர்தான் எழுத வேணும். போறதுக்கு முதல் அவையின்ர பேண்ட் ஆபீஸுக்கு அடிச்சு, எங்கட பக்கத்தால என்ன முறை செய்ய வேணும் எண்டு கேளுங்கோ, சில இடங்களில மூத்தவைக்குப் புகையிலை குடுக்கிறது வழக்கம், சில இடங்களில இல்லை, நீங்களா ஊகிக்காதேங்கோ. முதல் கூட்டம் அங்க, அடுத்தது உங்கட டவுன் ஹோலில, சாப்பாட்டோட. ஃபார்மசிக்காரி எண்டு அவைக்கு உங்களைத் தெரியும், அது உங்கட மற்றக் கவுன்சிலர்மாருக்கு இல்லாத வசதி, அதைப் பாவியுங்கோ, ஆனால் கவுண்டரில வைச்சு அரசியல் கதைக்காதேங்கோ.

ஒரு சிக்கல் முதலே சொல்லுறன். உங்கட கவுன்சில் 4 வருசம். இந்தியன் அக்ட் முறையில தேர்தல் வைக்கிற பேண்ட் கவுன்சில் 2 வருசம். சீஃபோட ஒரு மாதிரிப் பழகி வர எலெக்ஷன் வந்திடும், உங்கட பக்கமும் அப்பிடித்தான். அதால கூட்டத்துக்கு ரெண்டு பக்க ஸ்டாஃபும் வரட்டும், வருசத்தில எத்தினை முறை சந்திக்கிறது எண்டதை ரெண்டு கவுன்சிலும் தீர்மானமாவே எழுதட்டும். இல்லாட்டி ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் பிறகு திரும்ப அ, ஆவன்னாவில இருந்துதான்.

கைபிடிச்சுக் கூட்டிப்போகவும் ஆக்கள் இருக்கினம். கனேடிய மாநகரசபைகளின்ர சம்மேளனமும் காண்டோ எண்ட பூர்வகுடி பொருளாதார அதிகாரிகளின்ர அமைப்பும் சேர்ந்து 2013ல ஒரு திட்டம் தொடங்கினவை, பக்கத்துப் பக்கத்து நேஷனையும் டவுனையும் சோடி சேர்த்து, நடுவில ஆள் வைச்சுக் கூட்டம் நடத்தி, சேர்ந்து செய்யக்கூடிய ஒரு பொருளாதார வேலையைக் கண்டுபிடிக்க வைக்கிறது. முதல் சுற்றில மானிட்டோபாவின்ர த பாஸ் டவுனும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒபாஸ்க்வாயக் க்ரீ நேஷனும் சேர்ந்தவை. 1971ல ஹெலன் பெட்டி ஒஸ்போன் எண்ட க்ரீ மாணவி கொல்லப்பட்டு, தெரிஞ்ச ஊராக்கள் கனவருசம் வாயைத் திறக்காமல் இருந்த டவுன் அது. அந்தக் கசப்பு உள்ள இடத்திலயே இருந்து பேசியிருக்கினம். அவையின்ர கையேடுகள் இலவசம், தேடி எடுங்கோ.

உங்கட லோயர் ஒண்டு சொல்லுவார், நகரசபைக்குப் பூர்வகுடி ஆக்களோட கலந்தாலோசிக்கிற சட்டக் கடமை இல்லை எண்டு. 2012ல நெஸ்கோன்லித் பூர்வகுடி ஆக்கள் சாமன் ஆர்ம் நகரத்துக்கு எதிராப் போன வழக்கில பி.சி. அப்பீல் கோர்ட் அப்பிடித்தான் சொன்னது, அந்தக் கடமை அரசுக்குத்தான் எண்டு. ஆனால் ஒன்ராறியோவின்ர திட்டமிடல் கொள்கை நகரசபையளும் பூர்வகுடி சமூகங்களோட பேச வேணும் எண்டு எழுதியிருக்கு, அதைக் காட்டுங்கோ.

இதெல்லாத்துக்கும் முதல் ஒரு வேலை இருக்கு, அதை நாளைக்கே செய்யலாம். 2015 பெப்ரவரியில சஸ்காச்சுவானில மாக்வா சகாய்கன் ஃபர்ஸ்ட் நேஷனில ஒரு வீடு பத்தினது. பக்கத்து லூன் லேக் கிராமத்தில ஃபயர் ட்ரக் இருந்தது, ஆனால் சேவை ஒப்பந்தம் நடைமுறையில இல்லை, கட்டாத பில் பற்றி ரெண்டு பக்கத்துக்கும் இழுபறி, ஆர் முறிச்சது எண்டதில ரெண்டு பக்கமும் வேற வேற கதை சொல்லிச்சு. ட்ரக் வரேல்லை. 2 சின்னக் குழந்தையள் செத்துப்போச்சு. அதால அக்கா, மேயருக்குக் கடிதம் எழுதச் சொல்ல முதல், உங்கட க்ளார்க்கிட்ட அந்த ஃபர்ஸ்ட் நேஷனோட ஃபயர் ஒப்பந்தம் இருக்கோ, எப்ப முடியுது, காசு பிந்தினால் ட்ரக் நிக்குமோ எண்டு கேளுங்கோ, நிக்கும் எண்டு எழுதியிருந்தால் முதல் கூட்டத்துக்கு முன்னமே உங்கட கவுன்சிலில ஒரு தீர்மானம் போட்டு, பில் கதை வேற, ட்ரக் வேற எண்டு அந்த வரியை மாத்தி எழுதுங்கோ.